ஏலத்தில் எடுத்த வெள்ளை வண்டி

அடிபட்ட வண்டியை ஏலத்தில் எடுப்பதில் தப்பு ஒன்றும் இல்லை இன்ஸ்பெக்டர் ஐயா. ஓசூரில் என்னைப் போன்ற மெக்கானிக்குகள் பாதிப்பேர் அப்படித்தான் பிழைக்கிறோம். முன்பக்கம் நசுங்கியிருந்தாலும் கதவு, கண்ணாடி, சீட்டு எல்லாம் விலைபோகும்.

அந்த வெள்ளைக் காரை எனக்கு எடுத்துக் கொடுத்ததே டெல்வின்தான். என் மனைவி லிபியாவின் தங்கை ரெனிட்டாவைக் கட்டியவன், எனக்குச் சகலை. ஏலமெல்லாம் இப்போது போனில் நடக்கிறது, எனக்கு அது வராது. பேரிகை ரோட்டில் என் ஷெட்டில் உட்கார்ந்து அவனே அமுக்கி அமுக்கி ஏலம் கேட்டான். "அண்ணா, இது அப்படியே என் வண்டி மாடலுங்கண்ணா" என்று சிரித்தான். அதற்காகத்தான் எடுக்கிறேன் என்று அவனிடம் எப்படிச் சொல்வது?

அவன் நல்லவன். அதுதான் என் வயிற்றெரிச்சல். மூத்த மருமகன் நான் இருக்க, ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து வந்தால் மாமியார் பவுலினா அவனுக்குத்தான் முதலில் தட்டு வைப்பார். "தம்பி, இன்னும் ரெண்டு பீஸு வெச்சுக்கங்க" என்பார். என்னிடம், "கையில கிரீஸு இருக்குது பாருங்க, கழுவிட்டு வந்துருங்க." கழுவிவிட்டுத்தான் உட்கார்ந்திருப்பேன். லிபியாவும் அவன் பேச்சுக்கு விழுந்து விழுந்து சிரிப்பாள். என் வீட்டில் அந்தச் சிரிப்பை நான் கேட்டதே இல்லை.

நசுங்கிய வண்டியில் எல்லாரும் நல்ல பாகத்தைத் தேடுவார்கள். நான் கெட்டதைத் தேடினேன். ஸ்டீயரிங்கையும் சக்கரத்தையும் இணைக்கிற ராடில் மயிரிழை விரிசல் ஒன்று இருந்தது. கழற்றித் துடைத்து வைத்துக்கொண்டேன். டெல்வின் சர்வீசுக்கு விட்டபோது அவன் வண்டியில் அதை மாட்டினேன். சாவியைக் கொடுத்ததும், "உங்க கை பட்டாப் போதும்ண்ணா, கண்ண மூடிட்டு ஓட்டுவேன்" என்றான்.

மேலுமலை இறக்கத்தில் ராடு முறிந்து, வண்டி லாரிக்கு அடியில் போனது. அன்றைக்கு ரெனிட்டா அவனோடு போகவில்லை, ஆண்டவர் கருணை.

கல்லறைத் தோட்டத்தில் லிபியா மண்ணில் உட்கார்ந்து அழுதாள். தங்கை புருஷனுக்கு அவ்வளவு அழுகை எதற்கு என்று இப்போதும் எனக்குப் புரியவில்லை. நான் போனால் அதில் பாதியாவது அழுவாளா?

அவன் வண்டியிலிருந்து கழற்றிய நல்ல ராடுக்கு எண்ணெய் பூசி, துணியில் சுற்றி ஷெட்டிலேயே வைத்திருக்கிறேன். ரெனிட்டாவிடம் கொடுத்துவிடுங்கள் ஐயா. அடுத்தவன் பொருளுக்கு ஆசைப்படுகிற புத்தி எனக்கு என்றைக்கும் கிடையாது.