அட்டையில் பத்து

இல்ல தங்கச்சி, அந்த மாத்திரை டப்பாவப் பெரிய பெட்டியில வைக்காதீங்க. எடுத்துருங்க. பெட்டிய நான் பிடிச்சுக்கிறேன், நீங்க ஜிப்பத் திறங்க. ஆங், அதக் கைப்பையில போடுங்க. பாஸ்போர்ட்டும் அதுலதானே இருக்கு? சரி. இந்தப் பெரிய பெட்டிய அதோ அந்தச் சுமை தூக்குறவங்க வாங்கிட்டுப் போயிடுவாங்க. உங்க கேபின் வாசலுக்கு வந்து சேர சாயங்காலம் ஆறும் ஆகும், ஏழும் ஆகும். மூவாயிரம் பேரோட பெட்டி. அதுவரைக்கும் சர்க்கரை மாத்திரை இல்லாம உங்க வீட்டுக்காரர் என்ன பண்ணுவாரு?

அவரு எங்க? காப்பி வாங்கவா. போகட்டும், அங்க கூட்டமா இருக்கு, மெதுவா வரட்டும். எனக்கு உங்ககிட்டதான் பேசணும்.

அட, பையை அப்படி நெஞ்சோட அணைச்சுக்காதீங்க. நான் திருடன் இல்ல. திருடத் தெரிஞ்சிருந்தா இந்த வயசுல இப்படியா நிப்பேன், எங்கயாவது கம்பெனி நடத்திட்டு இருப்பேன்.

பதினோரு வருஷம் இதே கம்பெனிக் கப்பல்ல சாப்பாட்டுக்கூடத்துல சர்வரா இருந்தவன். மேல கீழ எல்லாம் தெரியும். அதோ அந்தக் கயிறு தெரியுதில்ல, அதுக்கு அந்தப் பக்கம் போயிட்டா பேச முடியாது. இந்த வரிசை அங்க போய்ச் சேர இருபது நிமிஷம் ஆகும். அதுக்குள்ள உங்களுக்குத் தெரிய வேண்டியதெல்லாம் சொல்லிடுறேன். பதிலுக்கு ஒரே ஒரு உதவி. இல்லம்மா, காசு இல்ல. கேக்கவும் மாட்டேன். கடைசி நாளு உங்க கட்டில் மேல ஒரு வெள்ளை அட்டை வைப்பாங்க. உங்க கேபினச் சுத்தம் பண்ற பொண்ணுக்கு மார்க் போடச் சொல்லி. அதுல பத்துக்குப் பத்து போடணும். அவ்வளவுதான்.

அந்தப் பொண்ணோட ஒப்பந்தம் இந்த நடையோட முடியுது. மறுபடி எழுதுறதா, வீட்டுக்கு அனுப்புறதான்னு அந்த அட்டைங்கதான் முடிவு பண்ணும். சராசரி ஒன்பதரைக்குக் கீழ போனா வீடு. அவ ஒன்பது புள்ளி நாலுல நிக்கிறா. போன மாசம் யாரோ ஒரு புண்ணியவான், கடல் ரொம்ப ஆடுதுன்னு அவளுக்கு மூணு போட்டுட்டுப் போயிட்டான். கடல் ஆடினதுக்கு அவ என்ன பண்ணுவா, கையால பிடிச்சு நிறுத்துவாளா?

எனக்கு எப்படித் தெரியும்னா... சொல்றேன், சொல்றேன். முதல்ல கொஞ்சம் நகருங்க, வரிசை போகுது.

குடிக்கிற விஷயம் சொல்லிடுறேன், அதுலதான் எல்லாரும் ஏமாறுறாங்க. உள்ள காலு வச்சதும் ஒருத்தன் தட்டு நிறைய கலர் கலரா கிளாஸ் வச்சு, குட்டிக் குடை சொருகி, சிரிச்ச மூஞ்சியா நீட்டுவான். வாங்கிடாதீங்க. அது வரவேற்பு இல்ல, வியாபாரம். வேண்டாம்ப்பான்னு நீங்களும் சிரிச்சுட்டே சொல்லுங்க. அவன்கிட்ட மூஞ்சியக் காட்டாதீங்க, மணிக்கு இத்தனை கிளாஸ் தள்ளணும்னு அவன் கழுத்துல கத்தி. அப்புறம் மொத்தமாக் காசு கட்டிட்டு எவ்வளவு வேணாலும் குடிங்க, டிரிங்க்ஸ் பேக்கேஜுன்னு ஒருத்தி வருவா. ஒரு கேபின்ல ஒருத்தர் எடுத்தா கூட இருக்கிறவரும் எடுத்தே ஆகணும்பா. உங்க வீட்டுக்காரர் சர்க்கரைக்காரர், அவருக்கு எதுக்கு? குழாய்த் தண்ணியே நல்ல தண்ணிதான், பாட்டில் நிரப்பிக்கங்க. காப்பி, டீ மேல்மாடில ஓசிதான். கேபின் ஃப்ரிட்ஜுல இருக்கிறதத் தொடாதீங்க. நகர்த்தினாலே பில்லுல ஏறும்.

அந்த நீலச் சட்டைக் காவல்காரர் இங்கதான் பார்க்கிறாரா? இல்லையா. சரி. நீங்க இந்தப் பக்கமா நின்னுக்கங்க, வெயில் அடிக்குது. கண்ணாடி வழியா வர்ற வெயில் ரொம்ப மோசம்.

உங்க கேபின் எட்டாம் மாடில நடுவுல இருக்கு. நல்ல இடம். கடல் எவ்வளவு ஆடினாலும் நடுவுல அவ்வளவாத் தெரியாது, முன்னாடி இருக்கிறவனுக்குத்தான் குடல் வாய்க்கு வரும். மேலயும் கேபின், கீழயும் கேபின். பன்னெண்டாம் மாடி கிடைச்சுதுன்னு சில பேரு பெருமையாச் சொல்லிக்குவாங்க, அவங்க தலைக்கு மேல காலைல அஞ்சு மணிக்கு நாற்காலியெல்லாம் தரதரன்னு இழுப்பான். ஜன்னல் இல்லாத கேபின்தானே உங்களுது? கவலைப்படாதீங்க. டீவில ஒரு சேனல்ல கப்பல் முன்பக்கக் கடலக் காட்டிட்டே இருப்பான். சத்தத்தக் குறைச்சு அத ஓடவிட்டுத் தூங்குங்க, விடிஞ்சா அதுலயே தெரியும். சுவரெல்லாம் இரும்பு. காந்தக் கொக்கி நாலு கொண்டு போனா ஈரத்துணி மாட்டலாம். கொண்டு வரலையா. பரவாயில்ல, அந்தப் பொண்ணுகிட்ட கேளுங்க, வச்சிருப்பா.

ஆமா, கேபின் நம்பரு நீங்க சொல்லல. பெட்டியில கட்டியிருக்கிற சீட்டப் பார்த்தேன். பார்த்துட்டுத்தான் உங்க பின்னால வந்து நின்னேன். மறைக்கிறதுக்கு என்ன இருக்கு. உங்களுக்கு முன்னாடி ஒன்பது பெட்டி பார்த்தேன், ஒண்ணு ஆறாம் மாடி, ஒண்ணு பத்து, இப்படியே. அந்தப் பொண்ணு பார்க்கிறது பதினஞ்சு கேபின். அதுல இன்னைக்கு எனக்குக் கிடைச்சது நீங்கதான். அதுவும், அந்த அட்டைய எப்பவும் பொம்பளைங்கதான் எழுதுவாங்க. ஆம்பளைங்க அதுக்கு மேல கண்ணாடியக் கழட்டி வச்சுட்டுப் போயிடுவாங்க. பதினோரு வருஷம் பார்த்தது.

சாப்பாட்டுக்கு வர்றேன். ஏறின உடனே எல்லாரும் மேல்மாடிக்கு ஓடுவாங்க, தட்டத் தூக்கிட்டு. நீங்க போகாதீங்க. கீழ சாப்பாட்டுக்கூடம் இன்னைக்கு மத்தியானமும் திறந்திருக்கும், பாதிப் பேருக்கு அது தெரியாது. உக்காந்து நிம்மதியாச் சாப்பிடலாம். ராத்திரிச் சாப்பாட்டுக்கு ஒரே நேரம், ஒரே மேசைன்னு கேட்டு வாங்குங்க. சர்வர் மாறாம இருந்தா மூணாம் நாளு உங்க வீட்டுக்காரருக்கு எது ஆகாதுன்னு அவனுக்கே மனப்பாடம் ஆயிடும். பிடிக்கலைன்னா வேற கேளுங்க, ரெண்டாவது தட்டும் கேளுங்க, தப்பே இல்ல. ஆனா தட்ட நீங்களா அடுக்கித் தூக்கிக் குடுக்காதீங்க. உதவின்னு நினைச்சுச் செய்வீங்க, விருந்தாளிய வேலை வாங்கினான்னு அவனத்தான் திட்டுவாங்க.

எங்க கூட ஒருத்தன் இருந்தான், பத்துத்தட்டுன்னு பேரு. ஒரே கையில பத்துத் தட்டு அடுக்கி, படியேறி, இன்னொரு கையால கதவத் திறப்பான். கடல் ஆடும், கப்பல் ஆடும், அவன் தட்டு ஆடாது. இன்னைக்கும் என்னைய எங்க பார்த்தாலும், அண்ணே, எங்க வீட்டுல வெத்துத் தாளே வைக்கிறதில்ல, நீங்க வந்துட்டா என்ன பண்றதும்பான். குத்திக் காட்டுறான். காட்டட்டும். அதுக்கு அவனுக்கு உரிமை இருக்கு.

என்ன குத்தலா? அதத்தான் சொல்ல வர்றேன்.

நான் படிச்சது எட்டாவது. மிச்சமெல்லாம் துண்டறிக்கையில படிச்சது. கூட்டுப்பேரம், உபரி உழைப்பு, எல்லாம் ஒரு பக்கத் தாளுல. அப்புறம் நானே எழுத ஆரம்பிச்சேன். கப்பல்ல முதல் சங்கம் நாங்க வச்சதுதான். படுக்கிற இடத்துக்குக் காத்தாடி வேணும்னு கேட்டு வாங்கினோம். வாரத்துல அரை நாள் ஓய்வு வாங்கினோம். இன்னைக்கு அங்க படுத்திருக்கிற பசங்களுக்குக் காத்தாடி சுத்துதுன்னா அது நாங்க சுத்தவிட்டது. அவனுங்களுக்குத் தெரியாது. காத்து வருது, கம்பெனி நல்ல கம்பெனின்னு நினைச்சுக்குவானுங்க.

அப்பத்தான் இந்த அட்டை வந்துச்சு. எனக்கு ரத்தம் கொதிச்சுது. ஒரு மனுஷன் உழைப்புக்கு மார்க் போட இன்னொருத்தனுக்கு என்ன உரிமை? வேலைக்குக் கூலி குடு, பத்துக்கு எத்தனைன்னு எவனும் பேசக் கூடாதுன்னு எழுதினேன். நல்லா எழுதியிருந்தேன், இப்பவும் சொல்வேன். நான் அந்த நடை சங்க வேலையாக் கரையில தங்கிட்டேன். இதே மாதிரி ஒரு கூடத்துல, இதே மாதிரி வரிசையில, ஏறப் போற பயணிங்க கையில ஆயிரத்து இருநூறு தாள் குடுத்தேன். தொழிலாளர்கள ஆதரிக்கிறவங்க அந்த அட்டையக் காலியா விட்டுடுங்க, ஒண்ணும் எழுதாதீங்க, அதுவே எங்களுக்கு ஆதரவுன்னு.

கொஞ்சம் இருங்க. அவரு வர்றாரா பாருங்க, உங்க வீட்டுக்காரர். இன்னும் அங்கதான் நிக்கிறாரா. சரி, நகருங்க, நமக்கு முன்னாடி இன்னும் ஆறு பேருதான்.

ஜனங்க நல்லவங்க தங்கச்சி. அதுல எனக்கு எப்பவும் சந்தேகம் வந்ததில்ல. அவ்வளவு பேரும் காலியா விட்டாங்க. கட்டு கட்டா வெத்து அட்டை. ஜெயிச்சுட்டோம்னு கப்பல் கீழ்த்தளத்துல தட்டத் தட்டிக் கொண்டாடினாங்களாம். ஒரு வாரம் கழிச்சுத்தான் தெரிஞ்சுது, ஒப்பந்தத்துல எங்கயோ ஒரு மூலையில ஒரு வரி. எழுதாத அட்டை பூஜ்யமாகக் கொள்ளப்படும். ஊர் உலகத்துத் துண்டறிக்கையெல்லாம் படிச்சவன், கையெழுத்துப் போட்ட தாளப் படிக்கல.

இருபத்தி மூணு பேரு. அடுத்த கரையிலயே இறக்கிவிட்டான். எனக்கு ஒண்ணும் ஆகல. ஏன்னா எனக்கு அட்டையே இல்லையே, நான்தான் கரையில நின்னு தாள் குடுத்துட்டு இருந்தேனே. அடுத்த மாசம் வேற காரணம் சொல்லி அனுப்பினான், அது வேற கதை. பத்துத்தட்டு அந்த இருபத்தி மூணுல ஒருத்தன். என் சம்சாரமும் ஒருத்தி. அவ கேபின் பார்த்துட்டு இருந்தா. ஒரு வார்த்தை திட்டல. திட்டியிருந்தா நல்லா இருந்திருக்கும். வந்தா, பெட்டிய வச்சா, அடுப்பப் பத்த வச்சா.

பதினாலு வருஷம் ஆச்சு.

இல்ல, இந்தப் பொண்ணு அப்ப இல்ல. இவ ஏறி மூணு வருஷம்தான் ஆகுது. அவ எனக்கு என்ன உறவுன்னு கேட்டா... தொழிலாளி. அது போதாதா? யாரா இருந்தாலும் நான் இப்படித்தான் நிப்பேன். நின்னிருக்கேன் இல்ல, எத்தனை வரிசையில. சரி, விடுங்க.

அட்டையில அஞ்சு கட்டம் இருக்கும். சுத்தம், வேகம், பணிவு, இன்னும் ரெண்டு. அஞ்சுலயும் பத்து. ஒன்பது போட்டா நல்ல மார்க்குதானேன்னு நினைச்சுடாதீங்க. அங்க ஒன்பதுன்னா குத்தம். ஒண்ணையும் காலியா விட்டுடாதீங்க தங்கச்சி, உங்க கையப் பிடிச்சுக் கேட்டுக்கிறேன். கீழ பேரு எழுத இடம் இருக்கும், அவ சட்டையில குத்தியிருக்கிற பேரப் பார்த்து அப்படியே எழுதுங்க. எழுதி கட்டில் மேலயே விட்டுடக் கூடாது, கீழ வரவேற்பு மேசையில ஒரு பெட்டி இருக்கும், அதுல நீங்களே போடணும். இறங்கற அவசரத்துல மறந்துடுவீங்க, முந்தின நாளே போட்டுடுங்க.

என்ன கேட்டீங்க? வேலை சரியில்லைன்னா?

நியாயமான கேள்விதான். மனசுல பட்டதப் போடுங்கன்னு சொல்லணும் நான். அவ நல்லாத்தான் செய்வா, அம்மா கை அவளுக்கு... நல்லாத்தான் செய்வா. ஆனா ஒரு நாள் உடம்பு முடியாம இருக்கலாம். தலையணைய மாத்த மறந்திருக்கலாம். ரெண்டு வார்த்தை வெடுக்குன்னு பேசினாலும் பேசுவா, அது அப்பா வழி. இருந்தாலும் பத்தே போடுங்க. சரியில்லைன்னு தோணினாலும் பத்து. மார்க் போட எவனுக்கு உரிமைன்னு எழுதின ஆளு, இந்த வாயால கேக்கிறேன்.

இதோ, கயிறு வந்துடுச்சு. பாஸ்போர்ட்டக் கையில எடுத்துக்கங்க. உங்க வீட்டுக்காரரும் வந்துட்டாரு பாருங்க. வாங்க சார், காப்பி கீழ சிந்தப் போகுது. சும்மா, பழைய கப்பல்காரன், ரெண்டு விஷயம் சொல்லிட்டு இருந்தேன். நீங்க இடது பக்க மேசைக்குப் போங்க, அங்கதான் எட்டாம் மாடி.

நானா? நான் வரல தங்கச்சி. எனக்குச் சீட்டு இல்ல. என் கையில இருக்கிற இந்தப் பெட்டியில ரெண்டு தலையணைதான் இருக்கு. வெறுங்கையோட நின்னா என்ன ஏதுன்னு காவல்காரன் கேப்பான், பெட்டியோட நின்னா பயணி.

ஆமா. எம் பொண்ணுதான்.

வேண்டாம், வேண்டாம். உங்கப்பாவப் பார்த்தேன்னு ஒரு வார்த்தை சொல்லிடாதீங்க. அப்பாவுக்குத் தெரிய வேண்டாம், தெரிஞ்சா கொடியத் தூக்கிட்டு வந்துடுவாருன்னு அவ அம்மாகிட்ட சொல்லிட்டுத்தான் ஏறினா. அன்னையிலிருந்து எங்கிட்ட பேசறதில்ல. அந்த மார்க்கு, கேபின் நம்பரு விவரம்கூட அவங்க அம்மா சமையலறையில போன்ல பேசினதக் கேட்டதுதான். கோபம்னு சொல்ல முடியாது. அந்த ஆயிரத்து இருநூறு தாளையும் மடிச்சுக் குடுத்தது அவதான். அப்ப அவளுக்குப் பத்து வயசு. சாப்பாட்டு மேசையில உக்காந்து, ஓரம் பிசகாம மூணா மடிச்சு, ஒவ்வொரு மடிப்பையும் நகத்தால நீவி நீவி வச்சா. எதுக்குப்பா எல்லாரையும் காலியா விடச் சொல்றன்னு கேட்டா. அம்மாவுக்கு நல்லதும்மான்னு சொன்னேன்.