போனுக்குள்ளே திருநீறு

ஆலங்குடி தாண்டும்போதே மணி பத்தே முக்கால். பஸ்ஸில் எனக்கு முன் சீட்டில் ஒரு புருஷன் பெண்டாட்டி.

"பதினோரு மணிக்கு போன் சர்வீஸ் வேலைக்கு இன்டர்வியூ புள்ள. அவங்க விக்கிற இந்த லினக்ஸ் போன்லயே பேசிக் காட்டணும். கமாண்டு போட்டுப் பாத்துட்டேன், வைஃபையே இல்லங்குது!"

"என் போன்ல ஹாட்ஸ்பாட் போட்டுட்டேனே மாமா."

"அதுதான் தெரியவே மாட்டேங்குதே. நேத்து நல்லாத்தான இருந்துச்சு!"

நானும் சீட்டு மேலாக எட்டிப் பார்த்தேன்.

"மாமா, வையக் கூடாது. காலையில பின்மூடியத் தொறந்து திருநீறுப் பொட்டலம் வச்சேன், வேலை கெடைக்கணும்னு."

"போனுக்குள்ளயா?"

"கொஞ்சம் கொட்டிருச்சு. நகத்தால சொரண்டி எடுத்துட்டேன்."

அவர் மூடியைக் கழற்றினார்.

"அடிப்பாவி! சொரண்டுன எடத்துலதான் வைஃபைய அணைக்கிற சுவிட்சு இருக்கு. ஊக்கு குடு!"

ஊக்கு முனையால் சுவிட்சைத் தள்ளிவிட்டு, போனை அணைத்து மறுபடி ஆன் செய்தார்.

"வந்துருச்சு புள்ள! வந்துருச்சு!"

பஸ்ஸே திரும்பிப் பார்த்தது. சரியாக அப்போது அழைப்பும் வந்தது.

"கடைசியா எந்தக் கோளாறச் சரி பண்ணுனீங்க?" என்று போன் ஸ்பீக்கரில் ஒரு குரல் கேட்டது.

"வைஃபை சார், இப்பத்தான்."

"யார் தப்பு?"

அந்தப் பெண் அவர் தொடையில் கிள்ளியது எனக்குத் தெரிந்தது.

"கஸ்டமர் மேல தப்பே இல்ல சார்!"