விஜயதசமியில் மாறிப்போன கீபோர்டு

சரி... ரொம்ப நேரமா புத்தி சொல்லிக்கிட்டு இருக்கேன். பின் வரிசையில ரெண்டு பேர் கொட்டாவி விட்டாச்சு. ஒரு குட்டிக் கதை சொல்றேன், கேட்டுட்டுத் தூங்குங்க.

சங்கரன்கோவில்ல ஒரு கம்ப்யூட்டர் கடை. கல்யாணப் பத்திரிகை அடிப்பாங்க, ஆன்லைன்ல விண்ணப்பம் போட்டுக் கொடுப்பாங்க. புருஷன் சொர்ணலிங்கம், பொண்டாட்டி கோமதி. ரெண்டு பேருக்கும் பக்கத்துப் பக்கத்து மேஜை. கீபோர்டு, மவுஸ் எல்லாம் பழசாகி உசுரை வாங்குது. புதுசு வாங்கணும். ஒயர் உள்ளதா, ஒயர் இல்லாததா? மூணு நாள் வீட்டுல இதே சண்டை.

"ஒயர் உள்ளதே போதுங்க. பேட்டரி தீருமேன்னு பயமில்ல. சொருகினமா, வேலையப் பார்த்தமான்னு இருக்கும்."

"போடி இவளே! மேஜையைப் பாரு, இடியாப்பம் கொட்டுன மாதிரி கிடக்கு. ஒயரே வேண்டாம்!"

யார் ஜெயிச்சா? ... கடைக்குப் போனது அவரு. அப்ப அவருதான்! ஒரே மாடல், ஒரே கறுப்பு, ஒயரில்லாம ரெண்டு செட் வாங்கிட்டு வந்துட்டாரு.

வந்துச்சு ஆயுத பூஜை. கம்ப்யூட்டரைத் தூக்கிட்டுப் போக முடியுமா? கீபோர்டு, மவுஸ் மட்டும் சாமி முன்னால வச்சு, சந்தனம், குங்குமம், பொரிகடலை... ஜோரா பூஜை! மறுநாள் விஜயதசமி, சாயங்காலம் நல்ல நேரம் நாலரை மணிக்கு எடுத்தாங்க. மவுஸ் ரெண்டும் சரியா வந்துருச்சு. கீபோர்டு மட்டும் மாறிப்போச்சு! இவர் கீபோர்டு அவ மேஜையில, அவ கீபோர்டு இவர் மேஜையில. அதுகளோட ஜோடி ரிசீவர் பழையபடி அந்தந்தக் கம்ப்யூட்டர்லயே சொருகி இருக்கு; அதனால இவர் இங்க தட்டினா எழுத்து அங்க விழும். இது அவங்களுக்குத் தெரியாது, உங்களுக்குத் தெரியும். வாயைத் தொறந்துராதீங்க!

கடை திறந்ததும் முப்பிடாதின்னு ஒரு பொண்ணு மூச்சு வாங்க ஓடி வருது.

"அக்கா! நர்ஸ் வேலைக்கு விண்ணப்பம். அஞ்சு மணியோட முடியுது. இந்த வருஷம் விட்டா எனக்கு வயசு தாண்டிரும்க்கா!"

கோமதி பக்கத்தைத் திறந்தா. பேரு போடுற கட்டத்துல கிளிக் பண்ணினா. பேரு விழணுமா இல்லையா? விழுந்தது என்ன தெரியுமா? ... 'வித் பெஸ்ட் காம்ப்ளிமென்ட்ஸ்!'

பக்கத்து மேஜையில நம்ம ஆளு பத்திரிகையோட இங்கிலீஷ் பக்கத்தை அடிச்சுக்கிட்டு இருக்காரு. டைப்ரைட்டிங் ஹையர் பாஸ் பண்ணவரு. கண்ணு தாள்லயே இருக்கும், திரைப் பக்கம் திரும்பவே திரும்பாது.

"என்னங்க, வைரஸ் வந்துருச்சு!"

"வந்தா என்ன? அழி!"

இவ அழிக்கிறா... அழிக்கிறா... இவ திரையில ஒண்ணும் அழியல. அங்க, அவர் முந்தாநாள் அடிச்சு வச்ச பத்திரிகையில, மாப்பிள்ளை போறாரு... மாப்பிள்ளையோட அப்பா போறாரு... கடைசியில மண்டபமே போயிருச்சு!

"ஒயரில்லாதது வேண்டாம்னு தலையால அடிச்சுக்கிட்டேனே!"

"உனக்கு ஒழுங்கா அடிக்கத் தெரியலன்னு சொல்லு!"

மணி நாலு அம்பது. முப்பிடாதிக்குக் கண்ணு நிறைஞ்சு போச்சு. ஆனா அந்தக் கண்ணுதான் ஒண்ணைக் கவனிச்சுது. அவர் சண்டை போடத் திரும்புறப்பல்லாம் கோமதி திரையில எழுத்து நிக்குது.

"அண்ணாச்சி... கையை எடுங்க."

எடுத்தாரு. எழுத்து நின்னுச்சு.

"இப்ப ஒரே ஒரு தட்டு தட்டுங்க."

டக்! ... கோமதி திரையில ஒரு எழுத்து.

அப்புறம் என்ன, கீபோர்டை மாத்தினாங்க, நாலு அம்பத்தெட்டுக்கு விண்ணப்பம் போயிருச்சு. அந்தப் பொண்ணு நாற்காலியில உக்காந்து ஓன்னு அழுதுருச்சு.

இப்பக் கேப்பீங்க, "ஐயா, ரெண்டுல எது நல்லது?" ஒயர் உள்ளதுன்னா இழுத்துப் பார்த்தாலே தெரியும், எங்க போகுதுன்னு. ஒயர் இல்லாததுன்னா, தட்டிட்டு நிமிர்ந்து பார்க்கணும், எங்க விழுதுன்னு. எது வேணா வாங்கிக்கோங்க! நான் என்ன கீபோர்டு விக்கவா வந்தேன்?

நம்ம கோபத்துக்கு ஒயர் இருக்கா? ... சொல்லுங்க, இருக்கா? மேனேஜர் மேல வந்த கோபம் எங்க விழுது? பொண்டாட்டி மேல. மாமியார் மேல வந்த கோபம் எங்க விழுது? பிள்ளை முதுகுல. விழவச்சிட்டு, "நான் என்ன அப்படித் தப்பாச் சொல்லிட்டேன்?"னு கேக்குறோம். நிமிர்ந்து பார்த்தாத்தானே தெரியும்!

ஊருக்குச் சொல்றேனே, நான் என்ன யோக்கியம்? இன்னிக்குச் சாயங்காலம் என்னை ஏத்திக்க வேண்டிய கார் லேட்டு. நான் கத்தினது யார் மேல? என் மக மேல. அவ என் மூக்குக்கண்ணாடியைத் தேடி எடுத்துக் கொண்டாந்து குடுத்தா. வாங்கிட்டு வந்து கார்ல ஏறிட்டேன். அவ மூஞ்சியைக்கூடப் பார்க்கல... எனக்கே வெக்கமா இருக்கு. மேடையை விட்டு இறங்கினதும் முதல்ல அவளுக்குத்தான் போன் பண்ணப் போறேன்.

நீங்க... யாருக்குப் பண்ணணும்?