தாலிப் பெட்டியும் துறப்பண அலகும்

"துளை போடுற துறப்பணத்தில மாட்டிக் கிடக்கிறதுதான் திறப்பு. இது அலகு."

பாலம் இல்லாத காலம். பழுகாமத்துக்குப் போகும் தோணியில் எனக்கு முன்னால் இருந்த மனிசன் இப்படிச் சொன்னதும் காதைக் கொடுத்தேன். அவர் கையில் ஒரு சின்ன இரும்பு. பக்கத்தில் சாவிக்குக் கை நீட்டியபடி பெண்சாதி, அவ மடியில் பூட்டின மரப்பெட்டி. அதற்குள்தான் மகன் கட்ட வேண்டிய தாலி. அக்கரையில் கலியாண வீடு.

"எனக்கு விளங்கல்ல. பெட்டித் திறப்பைத்தானே கேட்டன்?"

"இதுதான் புள்ள அந்தத் திறப்பு. பல்லுத் தேஞ்சு போச்செண்டு முனையைத் தட்டையா அராவி, மரம் துளைக்கிற அலகாக்கிட்டன்."

"அப்ப ராவு பெட்டியை எதால பூட்டின நீங்க?"

"பழைய அலகொண்டை அராவித் திறப்பாக்கினன். அதாலதான்."

எனக்கும் கொஞ்சம் தலை சுற்றியது.

"மறுகா அது எங்க?"

"ரெண்டும் மாறிப்போச்சு. அதுதான் விடியக் கதிரைக் காலுக்குத் துளை போடக்குள்ள இறங்கவே இல்ல!"

"கலியாண நாளில கதிரையா? இப்ப பொடியன் மணவறையில இருந்து என்னத்தைக் கட்டுறது?"

"பயப்பிடாத. இதால பூட்டைச் சுத்தித் துளைச்சா, திறந்திரும்."

"துறப்பணம்?"

"அது... வீட்ட. சம்பந்தியிட்ட ஒண்டு இருக்கும்தானே."

"சபையே தாலி எங்க எண்டு பாத்துக்கொண்டிருக்கக்குள்ள, துறப்பணம் தாங்க எண்டா கேக்கப் போறீங்க?"

அவர் இரும்பின் முனையை வெயிலில் பிடித்துப் பார்த்தார்.

"துறப்பணம் மட்டும் தந்தாப் போதும் புள்ள. நல்ல அலகு நம்மட்ட இருக்கு."