ஐம்பத்திரண்டாவது நிமிஷம்

யுகேந்திரன்: ...இதுவும் எக்ஸ்பயர்டும்மா.

தங்கமணி: எக்ஸ்பயர்டுன்னா? படம் என்ன பாலா, கெட்டுப்போறதுக்கு?

யுகேந்திரன்: ஊருக்குக் கெளம்பும்போது என் காலேஜ் கூட்டாளி மலர்விழி டவுன்லோட் பண்ணிக் கொடுத்தா. ஒரு வாரம் ஆச்சி. இனிமே நெட் இருந்தாதான் ஓடும். முப்பதாயிரம் அடி உயரத்துல நெட்டுக்கு எங்க போறது?

தங்கமணி: போகும்போதே பாத்திருக்கலாம்ல.

யுகேந்திரன்: போகும்போது நீங்க மாத்திரயப் போட்டுட்டு திருச்சி வரைக்கும் என் தோள்ல தூங்குனீங்க. எனக்குக் கை மரத்துப்போயி, ஊர்ல ரெண்டு நாளு எடது கையாலதான் எல்லாருக்கும் வணக்கம் சொன்னேன்.

தங்கமணி: இப்ப மாத்திரயும் இல்ல, படமும் இல்ல. அங்க பாரு, றெக்க ஆடுது.

யுகேந்திரன்: றெக்க ஆடணும்மா. ஆடலன்னாதான் கவலப்படணும்.

தங்கமணி: இன்னும் எவ்ளோ நேரம் இருக்கு கேஎல்லுக்கு?

யுகேந்திரன்: கோலாலம்பூருக்கு இன்னும் மூணே முக்கா மணி நேரம்.

தங்கமணி: கெளம்பி எவ்ளோ ஆச்சி?

யுகேந்திரன்: பத்து நிமிஷம்.

தங்கமணி: முருகா...

பாவா: தம்பி, குறுக்க பேசறேன்னு நெனக்காதீங்க. கீழ மூணாவதா ஒரு படத்துல பச்ச டிக் இருக்கே.

யுகேந்திரன்: எதுல அங்கிள்?

பாவா: இதோ. ‘பந்திங் போற பஸ்’. நம்ம மலேசியா படமாச்சே.

யுகேந்திரன்: அது சும்மா டிக்கு. ஓடாது.

பாவா: அமுக்கிப் பாருங்களேன்... ஓடுதே.

தங்கமணி: என்ன படம்னீங்க அண்ணே?

பாவா: பந்திங் போற பஸ்.

தங்கமணி: அய்யோ, அது வேணாம். நல்லா இருக்காதாம். பக்கத்து வீட்டு நல்லம்மா சொன்னா.

யுகேந்திரன்: சுத்த போரும்மா.

பாவா: நீங்க பாத்துட்டீங்களா தம்பி?

யுகேந்திரன்: இல்ல. கேள்விப்பட்டேன்.

பாவா: பாக்காத படத்த அம்மாவும் மகனும் சேந்து திட்றீங்க. அப்ப கண்டிப்பா நல்ல படம்தான். என் பேரு பாவா. கிள்ளான்ல துணிக்கட வச்சிருக்கேன். மாசம் ஒரு தடவ இந்த பிளைட்டு. என் ஹேண்ட்போன்ல எப்பவும் சார்ஜ் இருக்காது, பக்கத்து சீட்டுப் படம்தான் எனக்கு. நடுவுல சாச்சி வச்சா போதும்.

தங்கமணி: கிள்ளானா? நாங்களும் கிள்ளான்தான் அண்ணே.

யுகேந்திரன்: ஒரே ஊருன்னா படம் காட்டணும்னு சட்டம் இல்லம்மா.

தங்கமணி: மரியாதயா பேசு. அண்ணன் பாக்கட்டும். ஒரு... பாதி வரைக்கும் பாக்கட்டும்.

யுகேந்திரன்: ஆமா. பாதி வரைக்கும். அப்புறம் பேட்டரி போயிடும்.

பாவா: எழுவத்தாறு பர்சன்ட் இருக்கே.

யுகேந்திரன்: பழைய ஹேண்ட்போன் அங்கிள். பொய் சொல்லும்.

தங்கமணி: யுகா, என்னாடா இப்படிக் குலுங்குது... போடு, போடு, எதயாவது போடு. கண்ண எங்கயாவது வைக்கணும்.

*

தங்கமணி: டாய்லட்டு எந்தப் பக்கம்?

யுகேந்திரன்: நேரா பின்னாடிம்மா. அங்கிள், கொஞ்சம் வழி விடுங்க. அம்மா, ஒவ்வொரு சீட்டா புடிச்சிட்டுப் போங்க. தலையப் புடிக்காதீங்கம்மா, அது ஒருத்தரு தல... சாரி அங்கிள், அம்மாவுக்கு இது ரெண்டாவது பிளைட்டு.

பாவா: பரவால்ல. உக்காருங்க. படம் நல்லாத்தான் போவுது.

யுகேந்திரன்: போயிட்டாங்களா? அங்கிள், ஒரு பெரிய ஒதவி. அம்பத்திரண்டாவது நிமிஷத்துக்கு முன்னாடி, போரடிக்குது, நிறுத்துன்னு சொல்லிடுங்க.

பாவா: ஏன், அசிங்கமான சீனா?

யுகேந்திரன்: இல்ல. அதுல நான் வரேன்.

பாவா: நடிகரா நீங்க? என்ன வேஷம்?

யுகேந்திரன்: பொணம்.

பாவா: அப்புறம்?

யுகேந்திரன்: அப்புறம் ஒண்ணும் இல்ல அங்கிள். பொணத்துக்கு அதோட வேல முடிஞ்சிது.

பாவா: நல்லா பண்ணியிருக்கீங்களா?

யுகேந்திரன்: நான் இன்னும் பாக்கல. தைரியம் வரல. தனேஷ்னு கூட்டாளி, அவன்தான் பாத்துட்டு நிமிஷக் கணக்கு சொன்னான். ரொம்ப இயல்பா இருக்காம். பாராட்டா என்னன்னு தெரியல.

பாவா: சரி, அம்மா பாத்தா என்ன? சந்தோஷப்படுவாங்க.

யுகேந்திரன்: ஒம்பது வயசுல எனக்கு டெங்கி அங்கிள். பொழைக்க மாட்டேன்னு எல்லாரும் கைய விட்டுட்டாங்களாம். அம்மா வேண்டிக்கிட்டாங்க. அதுலேர்ந்து பன்னெண்டு வருஷமா, தைப்பூசத்துக்கு தைப்பூசம் பத்துமலயில பால்குடம். என் உசுருக்காக. நான் போயி அந்த உசுர பெட்டியில படுக்க வச்சி, நெத்தியில காசு ஒட்டி, மூக்குல பஞ்சு வச்சி...

பாவா: போதும் தம்பி.

யுகேந்திரன்: திங்கக்கெழம அடுத்த ஷூட்டிங் கூப்ட்ருக்காங்க. மூணு வசனம். மொத தடவயா வாயத் தொறக்கப் போறேன். எறங்கி வீட்டுக்குப் போறதுக்குள்ள அம்மாகிட்ட கேட்டுடணும். அவங்க வேணாம்னா நான் போக மாட்டேன். இந்த சீனப் பாத்தாங்கன்னா கேக்கவே முடியாது.

பாவா: சொல்லாம போயிடலாம்ல?

யுகேந்திரன்: பொணத்துக்கு அப்படித்தான் போனேன். காலேஜ் கேம்ப்புன்னு சொல்லிட்டு. எட்டு மாசமா அம்மா சோறு போட்டா தொண்டையில எறங்க மாட்டேங்குது. இன்னொரு பொய் உள்ள போறதுக்கு எடம் இல்ல.

பாவா: சரி, விடுங்க. சத்தியமா நான் வாயத் தொறக்க மாட்டேன்.

யுகேந்திரன்: வராங்க, வராங்க...

தங்கமணி: அந்தத் தண்ணி என்ன சத்தம்டா. உர்ருன்னு இழுக்குது, என்னயும் சேத்து இழுத்துடும்னு வெளிய ஓடியாந்துட்டேன். படம் எதுவரைக்கும் வந்துச்சி?

பாவா: முப்பத்தி ஒண்ணு.

தங்கமணி: இன்னும் நேரம் இருக்கு.

யுகேந்திரன்: எதுக்கு நேரம்?

தங்கமணி: கேஎல்லுக்குடா.

*

தங்கமணி: யுகா, நீ டாய்லட்டு போயிட்டு வா.

யுகேந்திரன்: எனக்கு வரலம்மா.

தங்கமணி: வராட்டியும் போ. காலு நீட்டாம உக்காந்திருந்தா ரத்தம் கட்டிக்குமாம்.

யுகேந்திரன்: யாரு சொன்னா?

தங்கமணி: நல்லம்மா.

யுகேந்திரன்: நல்லம்மா ஆன்டி பிளைட்டே ஏறுனதில்ல.

தங்கமணி: அவ காலு நல்லாத்தானே இருக்கு. போடா... போயிட்டானா அண்ணே? கதவச் சாத்திட்டானா?

பாவா: சாத்தியாச்சி.

தங்கமணி: உங்க தங்கச்சியா நெனச்சிக்குங்க. இந்தப் படத்த எப்படியாவது நிறுத்துங்க.

பாவா: நீங்களுமா?

தங்கமணி: என்ன?

பாவா: ஒண்ணுமில்ல. சொல்லுங்க.

தங்கமணி: இதுல ஒரு சாவு வீடு வரும்ணே.

பாவா: அப்படியா.

தங்கமணி: எனக்கு எப்படித் தெரியும்னு கேக்க மாட்டீங்களா?

பாவா: எப்படித் தெரியும்?

தங்கமணி: அதுல நான் அழுவறேன்.

பாவா: எங்க?

தங்கமணி: சாவு வீட்லதான். பெட்டி பக்கத்துல.

பாவா: பெட்டி பக்கத்துல. எந்தப் பெட்டி?

தங்கமணி: ஒரு படத்துல எத்தன பெட்டி வைப்பாங்க? ஒண்ணுதான்.

பாவா: யா அல்லா.

தங்கமணி: என்னாச்சிண்ணே?

பாவா: தொண்ட... தண்ணி குடிக்கறேன். பொறுங்க. எப்படிம்மா போனீங்க நீங்க?

தங்கமணி: நல்லம்மாதான் கூட்டிட்டுப் போனா. பந்திங் பக்கத்துல ஒரு வீடு. பதினஞ்சு பொம்பளைங்க கேட்டாங்களாம், அழத் தெரிஞ்சாப் போதும்னு. எனக்கு அது நல்லா வரும்ணே. டிவியில சமையல் போட்டி பாத்துகூட அழுதிருக்கேன். தலயப் பின்னி பூ வச்சிட்டுப் போனேன், அங்க போனதும் எல்லாத்தயும் அவுத்து விடச் சொல்லிட்டாங்க.

பாவா: பெட்டியில யாரு... அதாவது, எது இருந்துச்சி?

தங்கமணி: பொம்மன்னு சொன்னாங்க.

பாவா: பொம்மன்னு சொன்னாங்க. சரி. மகனுக்குத் தெரியாதா?

தங்கமணி: கேரி தீவுல அக்கா வீட்டுக்குப் போறேன்னு சொல்லிட்டுப் போனேன். அவன் இத பாக்கக் கூடாது.

பாவா: அம்மா அழுவற வேஷம் போட்டாங்கன்னு வெக்கப்படுவாரா?

தங்கமணி: வெக்கம்னு இல்ல... விடுங்கண்ணே, அது வேற. நீங்க சத்தியம் பண்ணுங்க.

பாவா: இன்னிக்கி இது ரெண்டாவது.

தங்கமணி: என்ன ரெண்டாவது?

பாவா: ரெண்டாவது கப்பு தண்ணி. சத்தியம், தங்கச்சி. நான் சொல்ல மாட்டேன்.

*

யுகேந்திரன்: போயிட்டு வந்துட்டேன்மா. ரத்தமெல்லாம் நல்லா ஓடுது.

பாவா: தம்பி, நாப்பத்தி ஒம்பது.

யுகேந்திரன்: ஓ. அம்மா, இங்கேர்ந்து கொஞ்சம் தள்ளிடலாமா? பாட்டு வரும்போல இருக்கு.

தங்கமணி: தள்ளு, தள்ளு. பாட்டு எனக்குப் புடிக்காது.

யுகேந்திரன்: உங்களுக்கா?

தங்கமணி: இன்னிக்கிப் புடிக்கல.

பாவா: எனக்குப் புடிக்கும்.

யுகேந்திரன்: அங்கிள்...

தங்கமணி: அண்ணே...

பாவா: சரி, சரி. தள்ளுங்க.

யுகேந்திரன்: பத்து பத்து வினாடியாத்தான் தாவுது.

தங்கமணி: வேகமா அமுக்குடா. நகரு, நானும் அமுக்கறேன்.

யுகேந்திரன்: ரெண்டு பேரும் அமுக்குனா அது கொழம்பிடும்மா... அம்மா, வெரல எடுங்க... அம்மா.

தங்கமணி: நான் எடுத்துட்டேன். நின்னுடுச்சே.

யுகேந்திரன்: ஹேங் ஆயிடுச்சி.

பாவா: எந்த எடத்துல நிக்குதுன்னு பாருங்க.

யுகேந்திரன்: அம்பத்திரண்டு.

தங்கமணி: முருகா.

பாவா: சரியா நின்னிருக்கு.

யுகேந்திரன்: ஆஃப் பட்டன் வேல செய்யல. கவுத்து வச்சிடறேன்.

தங்கமணி: இங்க குடு, முந்தானயில மூடறேன்.

பாவா: அதுக்குள்ளயும் வெளிச்சம் தெரியுது தங்கச்சி. அங்க மூடி ஒண்ணும் ஆவப் போறதில்ல. நான் ரெண்டு பேருக்கும் சத்தியம் பண்ணியிருக்கேன், என்னால பேச முடியாது. நீங்களா ஒரு தடவ ஒழுங்காப் பாத்துட்டீங்கன்னா நானும் நிம்மதியா மூச்சு விடுவேன்.

யுகேந்திரன்: ரெண்டு பேருக்குமா?

பாவா: பாத்தீங்களா, பேச முடியலன்னு சொல்லிட்டே பேசிட்டேன்.

யுகேந்திரன்: அம்மா... அந்தப் பெட்டியில இருக்கறது நான்தான்.

தங்கமணி: ம்.

யுகேந்திரன்: திட்றதா இருந்தா இப்பவே திட்டிடுங்க. பொணமாத்தான் நடிச்சேன். எனக்கு உங்க வேண்டுதல் தெரியும், எல்லாம் தெரியும், தெரிஞ்சேதான்... ‘ம்’னா என்னம்மா?

தங்கமணி: கால்மாட்டுல உக்காந்திருக்கறது யாருன்னு பாரு.

யுகேந்திரன்: யாரோ ஒரு ஆன்டி, தலய விரிச்சிப் போட்டுக்கிட்டு... அம்மா?

தங்கமணி: விரிக்கச் சொன்னாங்க.

யுகேந்திரன்: அன்னிக்கி நீங்க கேரி தீவுக்குத்தானே போனீங்க?

தங்கமணி: நீ காலேஜ் கேம்ப்புக்குத்தானே போன?

பாவா: ஒரே நாளு, ஒரே வீடு. காலையில ஒரே வண்டியில போயிருந்தா பெட்ரோலாவது மிச்சம்.

யுகேந்திரன்: எனக்கு எப்படித் தெரியாம போச்சி? காதுல பஞ்சு. கண்ணத் தொறந்தா கொன்னுடுவேன்னு டைரக்டர் சொன்னாரு. செத்தவன எப்படிக் கொல்வீங்கன்னு கேட்டேன், அதுக்கும் திட்டுனாரு. ஆனாலும், அம்மா கொரலு...

பாவா: எனக்கு வேற ஒரு சந்தேகம் தங்கச்சி. பெத்த புள்ள பெட்டியில கெடக்கறத இப்பதான் பாக்கறீங்க. நெஞ்சப் புடிச்சிப்பீங்க, அலறுவீங்கன்னு நான் தண்ணி கப்பக் கையில வச்சிட்டு உக்காந்திருக்கேன். நீங்க ‘ம்’னு சொல்றீங்க.

யுகேந்திரன்: முன்னாடியே தெரியுமா உங்களுக்கு?

தங்கமணி: தெரியும்.

யுகேந்திரன்: எப்பேர்ந்து?

தங்கமணி: அன்னிக்கிலேர்ந்து.

யுகேந்திரன்: எட்டு மாசமாவா? ஏம்மா கேக்கல?

தங்கமணி: கேட்டனே. அன்னிக்கிச் சாய்ங்காலமே கேட்டேன், கேம்ப்புல என்ன பண்ணீங்கன்னு. சும்மா படுத்திருந்தோம்மான்னு சொன்ன. அதுவும் பொய் இல்லியே.

யுகேந்திரன்: அம்மா...

தங்கமணி: மூஞ்சி அப்படிப் பளபளன்னு இருந்துச்சிடா உனக்கு. நான் வாயத் தொறந்தா நீ குத்தம் பண்ண மாதிரி ஆயிடுவ, நடிப்புப் பக்கமே போக மாட்ட. நீயா வந்து சொல்லுவேன்னு இருந்துட்டேன். இப்ப நீ என்னய அதுல பாத்தா, எனக்குத் தெரியும்னு உனக்குத் தெரிஞ்சிடுமேன்னுதான்...

யுகேந்திரன்: திங்கக்கெழம இன்னொரு ஷூட்டிங் இருக்கும்மா. மூணு வசனம். நீங்க சரின்னு சொன்னாத்தான்.

தங்கமணி: உசுரோடயா?

யுகேந்திரன்: உசுரோடதான்.

தங்கமணி: கடைசி வரைக்கும்?

யுகேந்திரன்: கடைசி வரைக்கும். போஸ்ட்மேன் வேஷம். லெட்டர் கொடுத்துட்டுப் போயிடுவேன்.

தங்கமணி: எங்க போவ?

யுகேந்திரன்: அடுத்த வீட்டுக்கும்மா.

தங்கமணி: அப்ப போயிட்டு வா.

பாவா: அல்ஹம்துலில்லா. அந்த பிஸ்கட்டப் பிரிங்க தம்பி, எனக்கு இப்பதான் பசிக்குது.

யுகேந்திரன்: எடுத்துக்குங்க அங்கிள். ஆனா அம்மா, இந்த அழுகயப் பாக்கும்போது எனக்கே என்னமோ பண்ணுது. நான்னு தெரிஞ்சதுனாலதான் இப்படி அழுதீங்களா?

தங்கமணி: கால்மாட்டுலேர்ந்து மூஞ்சி தெரியல, மொத ரெண்டு டேக்கும் பொம்மன்னு நெனச்சி ஒப்புக்குத்தான் அழுதேன். மூணாவதுல துணி வெலகி காலு தெரிஞ்சிச்சி. சுண்டுவெரல்ல நகம் இல்ல... மோட்டார்சைக்கிள் செயின்ல மாட்டி நீ பிச்சிக்கிட்ட அதே நகம். எனக்கு இருந்த அழுகயும் நின்னுபோச்சிடா, கொரலே வரல. ஒனக்கு நெசமாவே என்னமோ ஆயிடுச்சின்னு எந்திரிச்சி பெட்டிக்குள்ள குனிஞ்சி காத வச்சேன்... நீ உள்ள கொறட்ட விட்டுட்டிருந்த. அப்பதான் வந்துச்சி அந்த அழுக.