யூதர் பண்ணும் எங்கள் ஆலாபனையும்

அவைத்தலைமை ஏற்றிருக்கும் பெருந்தகை இராசநாயகம் அவர்களே, இணுவில் வாசிகசாலையின் மூத்த பெரியோர்களே, மடிநிறையப் பிள்ளைகளும் மனம்நிறைய அன்புமாய் வந்தமர்ந்திருக்கும் தாய்மார்களே, வேலியோரம் சைக்கிளைச் சாத்திவிட்டு நிற்கும் இளைஞர்களே, இப்புத்தாண்டு நன்னாளில் உங்கள் அனைவருக்கும் என் வணக்கம்.

எழுதிவைத்ததைப் பாடுவது மட்டுந்தான் இசையா? எழுதாமல் எழுவது, எண்ணாமல் பொங்குவது, பாடுகிறவனுக்கே புதிதாய்ப் பிறப்பது, அது இசையில்லையா?

என் பக்கத்தில் இருக்கும் லேவி ஐயாவை அறிவீர்கள். மானிப்பாயில் பிள்ளைகளுக்குப் பிடில் பழக்குகிறவர். ஜெர்மனியில் யூதர் தொழுகைக் கூடமொன்றில் வழிபாட்டைப் பாடி நடத்தியவர். சென்ற 1938 நவம்பரில் ஜெர்மன் அரசின் ஆட்களே அந்தக் கூடத்தைக் கொளுத்தினார்கள். கடல் கடந்து வந்தவர் வாய் திறந்து பாடவேயில்லை.

மாசியில் இதே மேடையில், நாங்கள் மன்றாடியதால், சொல்லில்லாத ஒரு மெட்டை மெல்லத் தொடங்கினார். மெல்லென்றது முழக்கமாயிற்று, முடிந்தது. உடனே பின்வரிசையிலிருந்து, நாடகக் கொட்டகை வழக்கப்படி, "வன்ஸ் மோர்" என்றொரு குரல். ஆர் அது? ஓம், ஏரம்பு அண்ணை, ஒளியாதையுங்கோ, நீங்கள்தான்.

லேவி ஐயா திகைத்தார், பாடிய மெட்டைத் தேடினார். "அது போயிட்டுது" என்று சொல்லி இறங்கிப் போய்விட்டார். இனிப் பாடவே மாட்டார் என்று கலங்கினோம்.

மறுநாள் ஏரம்பு அண்ணை ஒரு சீப்புக் கதலிப்பழத்தோடு மானிப்பாய்க்குச் சைக்கிள் மிதித்தார். "குறை நினையாதையுங்கோ ஐயா. எங்கடை கோயில் மார்க்கண்டரின்ரை நாயனத்திலை தோடி ராகம் ஒருநாள் வந்த மாதிரி மற்றநாள் வராது. ஆலாபனைக்கு நாங்கள் வன்ஸ் மோர் கேக்கிறேல்லை. நாளைக்கும் வாறம் எண்டு சொல்லிப்போட்டு எழும்புவம். உங்கடையும் அப்பிடித்தான் எண்டு நேற்று விளங்கேல்லை."

லேவி ஐயா அவர் கையைப் பிடித்துக்கொண்டு, தெரிந்த கொஞ்சத் தமிழில் சொன்னாராம், நான் கோத்துத் தருகிறேன்: "எங்களிடமும் மன்றாட்டின் சொல் முன்னோருடையது. பண்ணின் வழியும் முன்னோருடையது. அந்த வழியில் நடப்பது மட்டும் அன்றைய குரல். அங்கே பாடியதையே தேடித் தேடி ஊமையானேன். நேற்றும் தேடினேன், கிடைக்கவில்லை. வீட்டுக்குப் போகும் வழியில் வேறொன்று வந்தது."

வேறொன்று வந்தது, பெரியோர்களே. கூடம் எரிந்தது, ஏடுகள் எரிந்தன. இன்னும் பிறக்காத பாட்டை எந்த நெருப்பு எரிக்கும்? எந்த அரசு எரிக்கும்?

இன்று அவர் பாடப்போகிறார். என்ன பாடுவார் என்று எனக்குத் தெரியாது, அவருக்கும் தெரியாது. முடிந்ததும் யாரும் வன்ஸ் மோர் கேட்க வேண்டாம். 'நாளைக்கும் வாறம்' என்று சொல்லுங்கள். நாளையும் தமக்கொரு சபை உண்டென்று அவர் அறியட்டும்.

செவிதந்த உங்களுக்கு நன்றி. இனி இந்த மேடை லேவி ஐயாவுடையது. வணக்கம்.