மூக்கு குத்தியும் எழுந்திருக்காதவள்

காலேஜ் விட்டு வரும்போது பஸ்ஸில் நான் படித்துக்கொண்டேதான் வருவேன். அன்று அடி அண்ணாமலை போகும் பஸ்ஸில் முன் சீட்டுப் பெண் சொன்னதைக் கேட்டுப் புத்தகத்தை மூடினேன்.

"நேத்து அவளுக்கு மூக்கு குத்திட்டேன்க்கா. அப்பவும் எழுந்திருக்க மாட்டேங்கறா."

"யாருக்குடி?" என்றாள் பக்கத்தில் இருந்த பெரியவள்.

"எங்க கோழிக்குத்தான். அதோட எறகையே மூக்குல சொருவிட்டேன். அப்பவும் அடை கலையல. ஒரு முட்டகூட இல்லாத கூடையில உக்காந்துனு கெடக்குது."

"தண்ணியில முக்கினியா?"

"முக்கினேன். ஈரத்தோட போய் உக்காந்துகிச்சு. ஞாயித்துக்கெழம கொழம்பு வெச்சிடுனு எங்க வூட்டுக்காரரு சொல்லிட்டாரு. குஞ்சுலேர்ந்து நான் வளத்ததுக்கா."

பெரியவள் கொஞ்சம் யோசித்தாள்.

"எங்க வீட்ல முட்ட இருக்குது, அடை வெக்கத்தான் கோழி இல்ல. அவரு வர்றதுக்குள்ள கொண்டாந்து என்கிட்ட குடுத்துடு."

"கோழி எங்கனு கேட்டா?"

"நரி தூக்கினு போச்சுனு சொல்லு."

"தெருவுக்குள்ள நரி ஏதுக்கா?"

"அப்ப, உங்க தெரு மொனையில மௌன விரதம் இருக்கறாரே, அந்தச் சாமியார் தூக்கினு போனார்னு சொல்லு."

"ஐயோ பாவம்! இவரு நேரா போய் அவரையே கேட்டுட்டா?"

"கேக்கட்டுமே. அவரு இல்லனு சொல்லவா போறாரு?"